வாபஸ் வாங்கிய அப்பீல்

காலையில் காபியைக்கூடக் குடிக்காமல் ராஜாத்தி பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அடுத்த வாரம் மதுரைக் கோர்ட்டில் கடைசி விவாதம். "நீங்க வந்து உக்காந்திருந்தா போதும்மா, பேச வேண்டியதை நான் பேசிக்கிறேன்" என்று வக்கீல் ஜாஸ்பர் சொல்லியிருந்தார். உட்கார்ந்திருக்க மட்டும்தான் என்றாலும் எந்தச் சேலையில் உட்காருவது? பளிச்சென்று கட்டினால் சொத்தைப் பிடுங்கித் தின்றவள் என்பார்கள். மங்கலாகக் கட்டினால் நடிக்கிறாள் என்பார்கள். கடைசியில் நீலத்தில் ஒரு நூல் சேலையை எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

புருஷன் ராக்கையா உள்ளே வந்தார். தோட்டத்துக்குப் போனவர் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் வாயெல்லாம் வெற்றிலைச் சிவப்பு, முகமெல்லாம் சிரிப்பு. திராட்சைப் பந்தலுக்கு அடியில் அந்த நேரத்தில் யார் வெற்றிலை மடித்துக் கொடுப்பார்கள்?

"அதை எடுத்து உள்ள வைய்யி. மதுரைக்குப் போக வேணாம்."

"ஏங்க, வாய்தா தள்ளிப்போயிருச்சா?"

"வாய்தாவே கெடையாது. எல்லாம் முடிச்சாச்சு. தம்பியும் நானும் ராசியாயிட்டோம். முந்தாநாத்து மதுரையில எழுதிக் குடுத்து அப்பீல வாபஸ் வாங்கியாச்சு."

"முந்தாநாத்து தேனிக்கு மருந்து வாங்கப் போறேன்னு சொல்லிட்டுல்ல போனீக..."

"மருந்தும் வாங்குனேன்" என்றார் அவர், அதுதான் முக்கியம் என்பதுபோல.

ராஜாத்தி கட்டிலில் உட்கார்ந்தாள். "அப்ப என் பேரு?" என்று கேட்டாள்.

"ஒன் பேருக்கு என்ன வந்துச்சு? அண்ணன் தம்பி ஒண்ணாயிருக்கோம், அதைப் பாரு. ஓவியாவுக்குச் சின்னமனூர்ல மாப்பிள்ளை அமைஞ்சிருக்கு. கேசு நடக்குற வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்னு அவுக சொல்லிட்டாக. பெரியப்பன் நான் நின்னுதேன் பண்ணணுமாம். ஞாயித்துக்கெழமை தம்பி வீட்டுல கை நனைக்கிறோம். நீயும் வார."

அவர் போய்க் குளித்தார். உள்ளேயிருந்து அவர் ஏதோ பாட்டை முனகுவது கேட்டது. இத்தனை வருடத்தில் அந்த மனிதர் பாடி அவள் கேட்டதே இல்லை.

நடந்தது இதுதான். ராஜாத்தியின் மாமனார் பக்கவாதம் வந்து படுத்தபோது அவரைத் தூக்கி, துடைத்து, ஊட்டி, புண் வராமல் புரட்டிப் போட்டவள் அவள். பிள்ளையில்லாத வீட்டில் அந்தக் கிழவர்தான் பிள்ளை. சின்ன மருமகள் ஜோதிலட்சுமியும் வருவாள். ஆனால் கைக்குழந்தையைச் சாக்குச் சொல்லி வாசலோடு போய்விடுவாள். அந்தக் குழந்தைதான் ஓவியா. அதையும் பாதி நாள் ராஜாத்திதான் இடுப்பில் வைத்திருந்தாள்.

தோட்டத்தை மூத்த மகன் ராக்கையாவுக்கு என்று உயில் எழுதப் பெரியவர் சொன்னது முழுப் புத்தியோடு. எழுதியவரும் சாட்சிகளும் வெளியறையில் இருந்தார்கள். படுக்கையறைக்குள் வர அவர்களுக்குக் கூச்சம், நோயாளியின் வாடை வேறு. உள்ளே இருந்தது இரண்டு மருமகள்கள் மட்டும். ராஜாத்தி பெரியவரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அவரை நிமிர்த்திப் பிடித்திருந்தாள். "ஜோதி, நீ கையப் பிடிச்சுக் குடும்மா" என்று பெரியவர் குழறினார். ஜோதிதான் அவர் கட்டைவிரலை மையில் தொட்டுத் தாளில் வைத்தாள். என்ன தாள் என்றுகூட அவள் கேட்கவில்லை. கூச்சப்பட்ட சாட்சிகள் வெளியறையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துப் போனார்கள். அந்தக் கூச்சம்தான் பிற்பாடு ராஜாத்தியின் குடியைக் கெடுத்தது.

பெரியவர் போய்ப் பல வருடம் ஒன்றும் இல்லை. திராட்சை விலை ஏறியதும் சின்னவன் ராஜபாண்டிக்கு உயில் உறுத்த ஆரம்பித்தது. வழக்குப் போட்டான். கூண்டில் ஏறிய ஜோதிலட்சுமி, "நான் உள்ள போகயில மாமாவுக்கு நெனவே இல்ல, அக்காதேன் அவுக கையப் பிடிச்சு மையில வச்சுக்கிட்டு இருந்துச்சு" என்றாள். சாட்சிகள் இருவரும், உள்ளே யார் கையைப் பிடித்தார்கள் என்று நாங்கள் பார்க்கவில்லை என்றார்கள். உண்மைதானே, பார்க்கத்தானே இல்லை. ராஜாத்தி நடந்ததை நடந்தபடி சொன்னாள். செய்த தப்பை அடுத்தவள் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்றுதான் அது போய் முடிந்தது. உயில் செல்லாது, தோட்டம் ஆளுக்குப் பாதி. அதோடு விட்டிருக்கலாம். நினைவிழந்த முதியவரின் இயலாமையைப் பயன்படுத்திக்கொண்டவர், நம்பத்தகாத சாட்சி என்று அவளைப் பற்றித் தீர்ப்பில் எழுதிவிட்டார்கள்.

தீர்ப்பை யார் படிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். கூடலூரில் எல்லாரும் படித்தார்கள், படிக்கத் தெரியாதவர்களும் படித்தார்கள். முன்பெல்லாம் தெருவில் யாருக்காவது உயிர் இழுத்துக்கொண்டிருந்தால், "ராஜாத்தியைக் கூப்புடு, அவ கையால பால் ஊத்தட்டும்" என்பார்கள். அவளுக்கு அப்படி ஒரு கைராசி என்று பேர். தீர்ப்புக்குப் பிறகு அடுத்த தெரு மெகருன்னிசாவின் மாமியார் படுத்திருக்கிறார் என்று பார்க்கப் போனாள். மெகருன்னிசா நல்லவள்தான், நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். ஆனால் பேசிக்கொண்டே அந்தக் கிழவியின் கையை எடுத்துப் போர்வைக்குள் செருகினாள். ஒன்றும் சொல்லவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. ராஜாத்தி எழுந்து வந்துவிட்டாள். அன்றிலிருந்து யார் வீட்டு நோயாளியையும் அவள் பார்க்கப் போனதில்லை.

அந்தக் கையை வெளியே எடுக்க அவளுக்கு இருந்த ஒரே வழி ராக்கையா போட்டிருந்த மதுரை அப்பீல்தான். தோட்டம் பாதியோ முழுசோ, அவளுக்கு அதில் ஆசையில்லை. மேலே இருக்கிறவர்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதற்காக வருடக்கணக்காகக் காத்திருந்தாள்.

மறுநாள் அவள் தேனிக்குப் பஸ் ஏறினாள். புருஷனிடம் சொல்லவில்லை. சொல்லாமல் போவது எப்படி என்று அவர்தான் காட்டிக்கொடுத்துவிட்டாரே.

ஜாஸ்பர் வக்கீல் அவளைக் கண்டதும் எழுந்துவிட்டார். வயதில் அவளைவிடச் சின்னவர். "வாங்கம்மா. உங்ககிட்ட அண்ணாச்சி முன்னாடியே பேசியிருப்பாருன்னு நெனச்சேன்..."

"பேசல தம்பி. நேத்து காலையிலதேன் சொன்னாக. அதுவும் வெத்தலையக் குதப்பிக்கிட்டே. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என்னையப் பத்தி எழுதுனதை இனி யாரு பாப்பாக?"

"யாரும் பாக்க மாட்டாங்கம்மா. அப்பீல்னா என்ன? ரெண்டு பேருக்குள்ள தகராறு இருக்கு, கீழ தப்பாச் சொல்லிட்டாங்க, மேல பாருங்கன்னு கேக்குறது. தகராறே இல்லைன்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டா மேல இருக்கறவங்க எதைப் பாப்பாங்க? பாக்குறதுக்கு ஒண்ணுமில்லைன்னு முடிச்சுட்டாங்க. பங்கு விஷயத்துல இனிமே இவங்க பேசிக்கிட்டதுதான் செல்லும். உங்களப் பத்தி எழுதுனது தப்புன்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. அது அப்படியே கெடக்கும்."

"நான் தனியா ஒரு அப்பீல் போடுறேன்."

"நீங்க கேசுல கட்சிக்காரரே இல்லம்மா, சாட்சி. வழியே இல்லைன்னு சொல்ல மாட்டேன். தனியா மனுப் போடலாம். ஆனா வருஷக்கணக்கா அலையணும். உங்க வீட்டுக்காரர் முடிச்ச விஷயத்த நீங்க கெளர்ற மாதிரி ஆகும். அவரே உங்களுக்கு எதிரா நிப்பாரு."

"அவுக எதுக்கு எனக்கு எதிரா நிக்கப் போறாக? நான் பொய் சொல்லலன்னு அவுகளுக்குத் தெரியாதா?"

ஜாஸ்பர் ஜன்னல் பக்கம் பார்த்தார். சொல்லக் கூடாது என்றிருந்தவர், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

"ராசி மனுவுல நான் ஒரு வரி எழுதித்தான் வச்சிருந்தேம்மா. ராஜாத்தி மேல சொன்ன புகாரை நாங்க விட்டுக்கொடுக்குறோம், அந்தத் தீர்ப்புல அவங்களப் பத்திச் சொன்னதை எடுத்துரலாம்னு ரெண்டு தரப்பும் கேட்டுக்கிறோம்னு. உங்க கொழுந்தனார் ஒத்துக்கல. அவர் சம்சாரம் பொய்ச்சாட்சி சொன்னதா ஆயிரும்னு பயந்தாரு. அப்பத்தான் அண்ணாச்சி... அந்த வரிய எடுத்துட்டா தோட்டத்துக் கெணறு யார் பக்கம்னு கேட்டாரு. கெணறும் கரையும் உனக்குத்தான் அண்ணேன்னு தம்பி சொன்னாரு. ஒடனே அண்ணாச்சி, 'எடுத்துருங்க ஜாஸ்பர்'னாரு."

ராஜாத்தி அழவில்லை. தண்ணீர் கேட்டுக் குடித்தாள். டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, "ஒங்க மேல தப்பில்ல தம்பி" என்று சொல்லிப் படியிறங்கினாள். கூடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது, பொய் சொன்ன ஜோதியின் மேல் இத்தனை வருடமாக இருந்த கோபம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. இருந்த கோபமெல்லாம் இடம் மாறிவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் ஓவியா வந்தாள். வழக்கு ஆரம்பித்த நாளிலிருந்து அந்த வாசலை அவள் மிதித்ததில்லை. மிதிக்க விட்டதில்லை. நிலைப்படியிலேயே நின்றாள்.

"பெரியம்மா, நாளைக்கு வருவீகள்ல?"

"உள்ள வா. வெயில்ல நிக்காத."

"அம்மா ரெண்டு நாளாச் சோறே திங்கல பெரியம்மா. எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது. பெரியம்மா வருமா வருமான்னு மட்டும் கேக்குது. நீங்க வரலைன்னா மாப்பிள்ளை வீட்டுல என்ன நெனப்பாகளோன்னு அப்பா வேற..."

பேச்சு முடிவதற்குள் அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. ராஜாத்தி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை. இதை வைத்துத்தான் தன்னை மடக்கப் போகிறார்கள் என்று தெரிந்தும் அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

"வாரேன்த்தா. ஒன் நல்லதுக்கு வராம வேற யாரு நல்லதுக்கு வரப்போறேன்?"

பகையான இரண்டு வீடுகள் ராசியானால், ஒரு வீட்டார் மற்ற வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கை நனைப்பது என்பது அதுதான். ஆண்கள் எத்தனை கையெழுத்துப் போட்டாலும் வீட்டுப் பெண் இலையில் கைவைக்காதவரை அந்த ராசி பாதி ராசிதான். சின்னமனூர் சம்பந்தி சுருளியும் அதைப் பார்க்கத்தான் வந்திருந்தார். கூடத்தில் பந்தி போட்டார்கள். ஒரு பக்கம் ராக்கையாவும் ராஜபாண்டியும் தொடையோடு தொடை உரச உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தோளில் ஒருவர் கை. பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எதிரில் ராஜாத்தியின் இலை. சோறு, கறிக்குழம்பு, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் எல்லாம் விழுந்துவிட்டது. பரிமாறியது ஜோதிலட்சுமி. குனிந்த தலை நிமிரவில்லை.

"மொதல்ல நீங்க கைய வைங்கத்தா" என்றார் சுருளி. "மூத்த வீட்டு மனுஷி."

ராஜாத்தி கையை இலைக்கு மேல் கொண்டுபோனாள். அங்கேயே நிறுத்தினாள். பிடிவாதம் பிடிக்க வேண்டுமென்று அவள் வரவில்லை. கை இறங்க மறுத்தது, அவ்வளவுதான்.

"ஜோதி."

"அக்கா..."

"ஒண்ணு கேக்குறேன். கேசு முடிஞ்சு போச்சு. இனி எந்தக் கோர்ட்டும் ஒன்னையக் கூப்புடாது, என்னையவும் கூப்புடாது. அதனால நெசத்தைச் சொல்லு. மாமா கையப் பிடிச்சது யாரு?"

ராஜபாண்டிதான் முதலில் வாயைத் திறந்தான். "மதினி, எலையில உக்காந்துக்கிட்டு என்ன பேச்சு இது? அதான் எல்லாம் முடிஞ்சிருச்சுல்ல."

"வாய மூடிட்டுத் தின்னு" என்றார் ராக்கையா. "சம்பந்தி முன்னால மானத்த வாங்காத."

ராஜாத்தி அவர் பக்கம் திரும்பவில்லை. ஜோதியையே பார்த்தாள். ஜோதி கையிலிருந்த குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். வாயை முந்தானையால் பொத்தினாள். பிறகு பொத்தியதை எடுத்துவிட்டாள்.

"நாந்தேன்" என்றாள். "நாந்தேன் பிடிச்சேன். மாமா நல்லா புத்தியோடதேன் இருந்தாக. 'நீ பிடிச்சுக் குடும்மா'ன்னு என்னையத்தேன் சொன்னாக. அக்கா பின்னால இருந்து முதுகைத் தாங்கிக்கிட்டு இருந்துச்சு. கோர்ட்டுல நான் சொன்னது பூராம் பொய்."

"ஏய் ஜோதி" என்று ராஜபாண்டி எழுந்தான்.

"உக்காருங்க. நீங்கதேன என்னையச் சொல்ல வச்சீக. 'ஒன் கையாலேயே என் குடும்பத்து வாயில மண்ணப் போட்டுட்ட, நீயே அதைச் சரிபண்ணு'ன்னு தெனமும் குத்திக் காட்டுனீகள்ல. பயத்துல சொல்லிட்டேன். சொன்ன நாள்லருந்து நான் நல்லாத் தூங்குனது இல்லக்கா. ஒன்னைய எல்லாரும் ஒதுக்குனப்ப நான் அடுப்படியில உக்காந்து அழுவேன். வந்து சொல்ல தைரியம் இல்ல..."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஓவியா ஓடிவந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். எல்லாருடைய கண்ணும் இப்போது சுருளியின் மேல். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார், எழுந்துவிடுகிற ஆள் போல.

"பொய்ச்சாட்சி சொன்ன வீடுன்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சே" என்றார் மெதுவாக.

இந்த நிமிடம் ராஜாத்தி பேசாமல் இருந்திருந்தால் போதும். இவ்வளவு வருடத்துக்கும் வட்டியோடு கணக்குத் தீர்ந்திருக்கும். நினைக்காமல் இல்லை, ஒரு நொடி நினைத்தாள். ஓவியாவைப் பார்த்தாள்.

"சம்பந்தி, உக்காருங்க" என்றாள். "பொய் சொன்ன வாயாலேயே, ஊரு கூடியிருக்கையில, தன் மக கல்யாணம் நின்னாலும் நிக்கட்டும்னு நெசத்தைச் சொல்லிட்டா. ஒங்க பக்கத்துல எத்தன பேரு இப்படிச் சொல்லுவாக? இவ வளத்த பொண்ணுதேன் ஓவியா. நானும் வளத்தவதேன். தைரியமாக் கூட்டிட்டுப் போங்க."

சொல்லிவிட்டுச் சோற்றில் குழம்பைப் பிசைந்து ஒரு வாய் தின்றாள். இரண்டாவது வாயை உருட்டி ஜோதியைக் கிட்டே கூப்பிட்டு அவள் வாயில் வைத்தாள். ஜோதி அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுத அழுகையில் ராஜாத்தியின் நீலச் சேலை நனைந்துபோனது. "போதும், எந்திரி. சோறு ஆறிப்போகுது" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். சுருளி துண்டை மடியில் போட்டுக்கொண்டு இலைக்குத் திரும்பினார்.

அன்று மாலையே ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது. தீர்ப்பு பரவியதைவிட வேகமாகப் பரவியது என்று சொல்ல முடியாது. நல்ல செய்தி அவ்வளவு வேகமாக எங்கே போகிறது? ஆனாலும் போனது.

ராக்கையாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மறுநாள் காலை தோட்டத்திலிருந்து வந்தவர் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "பாத்தியா, நான் ராசி பண்ணதாலதேன் ஒனக்கும் நல்லது நடந்துச்சு. கேசு நடந்துக்கிட்டே இருந்தா அவ இந்த ஜென்மத்துல வாயத் தொறந்திருப்பாளா?" என்றார்.

ராஜாத்தி இட்லியை வைத்தாள், சட்னியை ஊற்றினாள். எதிரில் உட்காரவில்லை.

"நீயும் எடுத்து வச்சுக்க. ஆறிரும்ல."

"நான் இங்கன கை நனைக்கிறதா இல்லைங்க."

அவர் சிரித்தார். வேடிக்கை என்று நினைத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஜாஸ்பர் தம்பியப் போய்ப் பாத்தேன்" என்றாள் அவள். "அந்த வரியப் பத்திச் சொன்னாக. கெணத்தப் பத்தியும் சொன்னாக."

ராக்கையா இட்லியைப் பிட்டார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. "அதுல என்ன இருக்கு... தண்ணி இல்லாம தோட்டத்த வச்சுக்கிட்டு என்ன பண்றது? நமக்காகத்தேன செஞ்சேன். அதேன் ஜோதியே சொல்லிட்டாளே. சரியாப் போச்சுல்ல."

"ஜோதி பயந்துபோய் பொய் சொன்னா. என் மேல கோவிச்சுக்கிட்டுச் சொல்லல, என்னைய வித்து எதுவும் வாங்கவும் இல்ல. அவ வீட்டுச் சோறு எனக்கு எறங்குச்சு. இது எறங்காது."

"இந்தா பாரு, தம்பியும் நானும் ராசியாயாச்சு. அதோட எல்லாம் முடிஞ்சது."

"நீங்க ரெண்டு பேரும் ராசியாயிட்டீக. என்கிட்ட யாருங்க ராசியானது?"

ராஜாத்தி அவர் தட்டில் இன்னொரு இட்லியை வைத்தாள். செம்பில் தண்ணீர் ஊற்றிப் பக்கத்தில் வைத்தாள். மிச்சத்தை மூடிவிட்டு, கல்யாண வேலைக்கு ஜோதி வரச் சொல்லியிருக்கிறாள் என்று சொல்லிச் செருப்பை மாட்டினாள்.

ஓவியா கல்யாணம் நன்றாக நடந்தது. மணமேடையில் பெரியப்பாவும் பெரியம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள், போட்டோவில் இருவரும் நன்றாகவே விழுந்திருக்கிறார்கள். ராஜாத்தி இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். மூன்று வேளையும் அவருக்குப் பிடித்ததைச் சமைக்கிறாள், பரிமாறுகிறாள், பாத்திரம் கழுவுகிறாள். சாப்பிட மட்டும் ஜோதி வீட்டுக்குப் போகிறாள்.